ஆனைக்கல் மடத்தில் கஞ்சி வைத்தது யார்?

லூர்து அக்கா மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. இடுப்பில் தண்ணீர்க் குடம், கக்கத்தில் வாரப் பத்திரிகை. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ஏன் வசந்தா, அந்த மடத்துல சமையக்காரனக் கொன்னு பதினோரு வாரமாச்சு. இப்ப அங்க யாரு சமைக்கிறா?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

"நாப்பது சாமியாருக இருக்காக. ரெண்டு வேளை சாப்பாடு. ஒருத்தராச்சும் பட்டினி கெடந்தாகன்னு உங்க வீட்டுக்காரர் எழுதலையே. அப்ப அம்புட்டுப் பேருக்கும் சோறு எங்கிருந்து வருது? வானத்துல இருந்து கொட்டுதா?"

முதலில் எனக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. குடத்தைப் படியில் வைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்தோம். கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணைத் துடைத்து முடித்த பிறகுதான் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று எனக்கு உறைத்தது. அந்த மடத்தைக் கட்டியவர், நாற்பது துறவிகளை அதில் குடிவைத்தவர், சமையல்காரனைக் கிணற்றில் தள்ளியவர், எல்லாம் என் கணவர்.

சென்ற வாரம், கல்யாணமாகி நத்தத்திலிருந்து இரண்டு கூடை மாம்பழத்தோடு திண்டுக்கல் நாகல் நகரில் குடித்தனம் வந்து இறங்கியதைச் சொல்லியிருந்தேன். மாம்பழமெல்லாம் தீர்ந்துவிட்டது. இந்த வாரம் கொலை.

பாண்டியப்பிரியனின் பெண்டாட்டி

அவருக்குச் சொந்த ஊர் தாடிக்கொம்பு. அந்த ஊர்ப் பெருமாள் பெயரையே வைத்து சௌந்தரராஜன் என்று கூப்பிட்டார்கள். வேலை ஒரு நூல் மில்லில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று நாள் முழுக்க எழுதுவார். அதை எழுதிச் சலித்துத்தான் பாண்டியர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். பாண்டியர்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

புனைபெயர் பாண்டியப்பிரியன். நான் வருவதற்கு முன்பே பன்னிரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். அனுப்பிய கதைகள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி நிறைய அவை இருந்தன. கல்யாணமான புதிதில் அந்தப் பெட்டியைப் பெருக்கத் தள்ளினேன், அசையவில்லை. உள்ளே பித்தளைப் பாத்திரம் இருக்கிறது என்று ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் மெட்ராசிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை, சரித்திர மர்மத் தொடர் எழுத முடியுமா என்று கேட்டு எழுதியது. கார்டைப் படித்துவிட்டு அவர் மில்லுக்குச் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். நானும் சொல்லவில்லை. அன்று முழுவதும் யாரும் சொல்லவில்லையாம்.

அப்படிப் பிறந்ததுதான் 'ஆனைக்கல் மடத்து ரகசியம்'. பாண்டியர் காலம். யானை படுத்த மாதிரி ஒரு பாறை, அதன் நிழலில் ஒரு மடம். (பாறைக்கு எங்கே போனார் என்று கேட்காதீர்கள். எங்கள் ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை.) மடத்துக்கு அரசன் நிலம் கொடுத்த செப்பேடு காணாமல் போகிறது. அடுத்த நாள் மடைப்பள்ளிக்காரன் கூத்தன் கிணற்றில் பிணமாக மிதக்கிறான். கொன்றது யார் என்று கண்டுபிடிக்க மதுரையிலிருந்து மாறன் என்ற அதிகாரி குதிரையில் வருகிறான். வந்தவன் வாரா வாரம் ஒருவரைச் சந்தேகப்படுகிறான்.

அவர் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. மில்லில் கழித்துப் போட்ட படிவங்களின் பின்பக்கம் எழுதுவார். அதைப் பார்த்து ஃபுல்ஸ்கேப் தாளில், ஒரு பக்கம் மட்டும், குண்டு குண்டாகப் பிரதி எடுப்பது என் வேலை. புதன்கிழமை சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டால் வியாழக்கிழமை மெட்ராசில் இருக்கும். அடுப்பில் குழம்பு கொதிக்கும். இந்தப் பக்கம் மாறன் வாளை உருவுவான். எத்தனையோ தாளில் மஞ்சள் கறை பட்டுப் போயிருக்கிறது.

ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் கழித்து இதற்காக யாரும் என்னைச் சண்டைக்கு இழுக்க மாட்டார்கள். கொன்றது யார் என்று அவருக்குத் தெரியாது.

தொடர்கதைக்காரர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இந்த வாரத்தை எழுதுவார்கள். அடுத்த வாரம் அடுத்த வாரம்தான். 'யாருங்க கொன்னது?' என்று நான் கேட்டால், 'அதுவா வரும், விடு' என்பார். பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி கொலைகாரனுக்காக நின்றார்.

உருளைக்கிழங்கு வந்த வழி

ஆறாம் அத்தியாயத்தில் மடத்துக்கு அரசன் விருந்து வைக்கிறான். வாழையிலையில் பொரித்த உருளைக்கிழங்கு. அவருக்கு உருளைக்கிழங்கு பிடிக்கும், அரசனுக்கும் பிடித்துவிட்டது. நானும் கண்ணை மூடிக்கொண்டு பிரதி எடுத்தேன்.

அது அச்சில் வந்த மூன்றாம் வாரம் பத்திரிகை வழியாக ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. எழுதியவர் பழனிப் பக்கம் பாலசமுத்திரத்து விவசாயி.

"ஏனுங்க ஐயா, கதை நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா பாண்டியன் காலத்துல உருளைக்கெழங்கு ஏதுங்க? மேல கொடைக்கானல்லயே அது வெள்ளைக்காரன் கொண்டாந்து நட்டதுங்க. பாத்து எழுதுங்க. மத்தபடி மாறனோட குதிரை ரொம்பப் புடிச்சிருக்குதுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் சாப்பாட்டில் கிழங்கு என்று எதைப் போட்டாலும் ஒதுக்கினார். அதற்குப் பிறகு பிரதி எடுப்பதோடு காய்கறிச் சோதனையும் என் தலையில் விழுந்தது. மிளகாய் கிடையாது. தக்காளி கிடையாது. முட்டைக்கோஸ் வாசலோடு திரும்பியது. மிளகும் புளியும் அவரைக்காயும் கீரையும் மட்டும் உள்ளே போகலாம்.

"மிளகாயே இல்லாம நாப்பது பேருக்குக் கொழம்பும் வெஞ்சனமுமா?" என்று லூர்து அக்கா மடத்துக்காக வருத்தப்பட்டார். "பாவம் அந்தக் கூத்தன். செத்ததே நல்லதாப் போச்சு."

அக்கா வருத்தப்பட்டதில் அர்த்தம் இருந்தது. எங்கள் மாடியில் எதிர்ப் போர்ஷன் அவருடையது. பக்கத்துத் தெருவில் ஒரு மாணவர் விடுதியில் அறுபது பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவதுதான் அவர் வேலை. விடியற்காலை அடுப்பு மூட்டப் போவார், பதினோரு மணிக்கு வருவார், மறுபடி மூன்று மணிக்குப் போவார். இடையில் கிடைக்கிற நேரத்தில் தண்ணீர் பிடிப்பார், ஜெபம் சொல்வார், ஆனைக்கல் மடத்தைப் படிப்பார்.

குழாயடித் தீர்ப்புகள்

எங்கள் ஊரில் அப்போது குழாயில் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் தெருவே குடத்தோடு நிற்கும். உங்கள் முறை வருவதற்குள் ஒரு தொடர்கதையின் எல்லாப் பாத்திரங்களையும் விசாரித்து முடித்துவிடலாம். நாங்கள் விசாரித்தோம்.

பாதிப் பேர் மௌன விரதம் இருக்கும் துறவியைச் சொன்னார்கள். பேசாதவரை எப்படி நம்புவது என்பது அவர்கள் வாதம். மீதிப் பேர் மடத்துத் தலைவரையே சொன்னார்கள். தையல்காரர் வீட்டம்மா மட்டும் மாறனின் குதிரையில் சந்தேகம் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கணவர் சைக்கிளில் அந்தப் பக்கம் போனால் போச்சு.

"அண்ணே, நில்லுங்கண்ணே! யாருண்ணே கொன்னது? எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க."

அவர் ஒரு காலை ஊன்றி நின்று மெல்லச் சிரிப்பார். பெரிய ரகசியத்தை அடக்கிவைத்திருக்கிறவருடைய சிரிப்பு அது. "அவசரப்படாதீக. எல்லாம் வரும்" என்பார். குழாயடியே மயங்கிப்போகும். நான் மட்டும் குடத்துக்குள் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒன்றுமே படிக்காமல் பரீட்சைக்குப் போகிறவனும் அப்படித்தான் சிரிப்பான்.

மூன்றே வாரம்

லூர்து அக்கா படியில் நின்று கேட்டதற்கு முதல் நாள்தான் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கார்டு வந்திருந்தது. நான்கு வரி. வாசகர் ஆர்வம் குறைகிறது. மூன்று இதழ்களில் முடிக்கவும். முடிவு நன்றாக அமைந்தால் மேற்கொண்டு பேசலாம். சுரங்கப்பாதை, இரட்டைப் பிறவி இரண்டும் வேண்டாம்.

கொடுமை என்னவென்றால், அவர் கையில் இருந்தது அந்த இரண்டும்தான். சுரங்கத்தைப் பாதி தோண்டிவிட்டிருந்தார்.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து தகரப் பெட்டியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இந்த முடிவு சொதப்பினால் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு திறந்த கதவு மூடிவிடும். அடுத்த தொடர் கிடையாது. மில் கேட்டில் நின்று மற்றவர்கள் வந்து போகிற நேரத்தை எழுதியே காலம் போய்விடும். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே லூர்து அக்கா கேட்டுவிட்டுப் போனதும் நான் அரிசியை அப்படியே விட்டுவிட்டுப் பத்திரிகைகளை எடுத்தேன். தொடர் வரும் பக்கங்களை மட்டும் கிழித்து, சாக்கு தைக்கும் ஊசியால் தைத்து வைத்திருந்தேன். கூத்தன் செத்த பிறகு யார் சமைத்தார்கள் என்று எங்காவது போகிறபோக்கில் எழுதியிருப்பாரா என்று தேடினேன். ஒரு வரியும் இல்லை. சரி, அவன் சாகிற இடத்திலிருந்தே பார்ப்போம் என்று நாலாம் அத்தியாயத்துக்குப் போனேன்.

அங்கே இருந்தது.

விடியற்காலையில் அடியார்கள் கஞ்சி குடித்துவிட்டுப் பூப்பறிக்கப் போகிறார்கள். நண்பகலில் கிணற்றில் கூத்தனின் உடலைக் கண்டெடுக்கிறார்கள். மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் போனது நேற்று முன்னிரவில் என்கிறார்.

முன்னிரவிலேயே செத்தவன் விடியற்காலையில் எப்படிக் கஞ்சி வைத்தான்?

நான் எழுந்து நின்றுவிட்டேன். கஞ்சி குடித்ததற்கு அடுத்த வரி அதைவிட மோசம். 'அன்று கஞ்சியில் உப்புச் சற்றுத் தூக்கலாக இருந்தது. ஆயினும் அடியார்கள் பொறுத்துக்கொண்டனர்.'

அந்த வரி எப்படி வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதை அவர் எழுதிய அன்று காலையில் நான் கிண்டிய உப்புமாவில் உப்புக் கூடிவிட்டது. நேரில் சொல்லப் பயந்துகொண்டு பாண்டியர் காலத்தில் கொண்டுபோய்ச் சொல்லியிருந்தார். பிரதி எடுக்கும்போதே கவனித்தேன். 'பொறுத்துக்கொண்டனர்' என்ற இடத்தில் பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது. அந்தக் கோபத்தில் கொலையைக் கவனிக்கவில்லை.

இப்போது கவனித்தேன். மூன்றாம் அத்தியாயத்தையும் புரட்டினேன். மடத்து ஏட்டறைக் காப்பாளர் சிவபாதர் கையில் எப்போதும் கரி. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துத் தெரிவதற்காக விளக்குக் கரியைத் தடவுவார்களே, அந்தக் கரி. அவர் கையில் அடுப்புக் கரி ஒட்டினால் யாருக்குத் தெரியும்?

ஓடிப்போய் லூர்து அக்கா கதவைத் தட்டினேன்.

"அக்கா! கொலைகாரன் மாட்டிக்கிட்டான்!"

அக்கா சிலுவை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

சாம்ராஜ்யமும் கஞ்சியும்

அவர் மில்லிலிருந்து வந்து முகம் கழுவக்கூட விடாமல் சொன்னேன். செப்பேட்டைத் திருடியது சிவபாதர். கூத்தன் பார்த்துவிட்டான். முன்னிரவில் அவனைக் கிணற்றில் தள்ளியாகிவிட்டது. காலையில் கஞ்சி இல்லையென்றால் உடனே தேடுவார்கள். செப்பேடு மடத்தைத் தாண்டும் வரை யாரும் தேடக் கூடாது. ஆகவே சிவபாதரே அடுப்பு மூட்டினார், கஞ்சி வைத்தார். சமைத்துப் பழக்கமில்லாத கை, உப்புக் கூடிவிட்டது.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே போய்விட்டது.

"பாண்டிய சாம்ராஜ்யத்துக் கதைய ஒரு சட்டிக் கஞ்சில கொண்டாந்து முடிக்கச் சொல்றியா?"

"ஏங்க, சாம்ராஜ்யத்துல யாரும் சாப்பிடலையா?"

"கஞ்சில உப்புக் கூடுனதெல்லாம் ஒரு தடயமா? வாசகருக சிரிப்பாக."

"பதினோரு வாரமா யாரு சமைச்சான்னு கேட்டுத்தான் சிரிக்கிறாக!"

தப்பாகச் சொல்லிவிட்டேன். எழுத்தாளரிடம் அப்படிச் சொல்லக் கூடாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் மலைக்கோட்டையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள், இரண்டு நாள். புதன்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. தாளில் ஒரு வரியும் விழவில்லை. என்னோடு பேச வேண்டியதையெல்லாம் சுவரிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லூர்து அக்கா வந்து நின்றார்.

"தம்பி, கஞ்சில உப்புக் கூடுறதெல்லாம் ஒரு தடயமான்னு கேட்டீகளாமே. செத்த நேரம் விடுதி வரைக்கும் வாரீகளா? இன்னைக்குப் பிள்ளைகளுக்குக் கஞ்சிதேன்."

அக்கா கூப்பிட்டால் அவரால் மறுக்க முடியாது. நானும் கூடவே போனேன். அதைப் பார்க்காமல் என்னால் இருந்திருக்க முடியாது.

விடுதிச் சமையல்கட்டில் இரண்டு பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா உப்புச் சாடியை அவர் முன்னால் நகர்த்தினார்.

"அந்த அண்டா என்னோடது. இது உங்களோடது. போடுங்க உப்ப."

"எம்புட்டு?"

"உங்க கையக் கேளுங்க. எங்கிட்டக் கேட்டா?"

அவர் வீட்டு அளவில் இரண்டு சிட்டிகை போட்டார். கிளறி, ஒரு சொட்டு வாயில் விட்டார். சப்பென்று இருந்தது. ஒரு கை போட்டார், கிளறினார், வாயில் விட்டார். இன்னும் சப்பென்று இருந்தது. இன்னொரு கை. அதற்கு மேல் இன்னொரு கை. வேர்த்து ஊற்றியது. அக்கா சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் வாயில் விட்டுப் பார்த்து, "இப்ப சரி" என்று வெற்றியோடு கரண்டியை வைத்தார்.

"அப்படியா? செத்த நேரம் உக்காருங்க" என்றார் அக்கா.

கல்லுப்பு. கரைய நேரமாகும். அது சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். கால் மணி நேரம் கழித்து அக்கா ஒரு டம்ளரில் மோந்து கொடுத்தார். அவர் குடித்தார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்ற கோலத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். நானும் அக்காவும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"அக்கா, பிள்ளைகளுக்கு..." என்று பதறினார்.

"என் அண்டாவுல உப்பே போடல. ரெண்டையும் கலந்தா சரியாயிரும். நீங்க இப்படித்தேன் போடுவீகன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சிவபாதர்தான் கொன்னுருக்காரு."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பேசினார். ஓட்டினால் பேச முடியாதாம். நடுத்தெருவில் நின்று மாறன் மாதிரி கையை நீட்டினார். ஒரு மாட்டுவண்டிக்காரர் தன்னைத்தான் நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டார்.

எனக்குக் காட்டாத பக்கங்கள்

மீதி இருந்த மூன்றில் முதல் இரண்டு அத்தியாயங்களை வழக்கம்போல் நான் பிரதி எடுத்தேன். மாறன் மடைப்பள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தான், மருத்துவரை மறுபடி விசாரித்தான், எதையோ தவறவிட்டேன் என்று தலையைப் பிடித்துக்கொண்டான். நன்றாகவே வந்திருந்தது.

மூன்றாவது வாரம் கடைசி அத்தியாயம். பேனாவும் தாளும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இத நானே பிரதி எடுத்துக்கிறேன்" என்றார்.

"உங்க கையெழுத்தையா? அச்சாபீஸ்ல யாரு படிப்பா?"

"மெதுவா எழுதுறேன்."

முதுகைக் காட்டிக்கொண்டு, நான் பக்கத்தில் போனால் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். புதன்கிழமை அவரே உறையை ஒட்டி, அவரே ஸ்டேஷனுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் என்றுகூடச் சொல்ல முடியாது, மனசு விட்டுப்போனது. நாலு மாதத்துக்கு மேலாக வாராவாரம் விரல் காய்க்க எழுதியவள் நான். கஞ்சியைக் கண்டுபிடித்தவள் நான். பெயர் வேண்டும் என்று நான் கேட்கவில்லையே. கடைசிப் பக்கத்தைத் தொடக்கூட எனக்கு உரிமை இல்லையா? மாறன் எழுந்து நின்று, 'அன்று காலை கஞ்சி வைத்தது யார்?' என்று மார்தட்டிக் கேட்பான். எல்லாரும் மாறனுக்குக் கைதட்டுவார்கள். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. லூர்து அக்காவிடம் சொல்லி மூக்கைச் சிந்தினேன்.

இரண்டு வாரம் தேவையானதை மட்டும் பேசினேன். 'சாப்பாடு', 'தண்ணி வந்திருக்கு', 'கதவச் சாத்துங்க'.

இதழ் வந்த மத்தியானம்

பத்திரிகை ஸ்டேஷன் கடைக்கு வந்த அன்று லூர்து அக்கா குடம் இல்லாமல் ஓடிவந்தார். குடம் இல்லாமல் அவரைப் பார்த்ததே அன்றுதான்.

"வசந்தா! உக்காரு! அங்கனயே உக்காரு!"

அதே படியில் உட்கார்ந்தேன். அக்கா சத்தமாக வாசித்தார்.

'மாறனால் விடை காண முடியவில்லை. தோற்றவனாய்க் குதிரையை நோக்கி நடந்தான். அப்போது மடைப்பள்ளி வாசலில் கஞ்சிப் பானை துலக்கிக்கொண்டிருந்த பெண் தலைநிமிர்ந்தாள். மடம் எழுந்த நாள் முதல் அவள் அங்கேதான் இருந்தாள். அவளை ஒருவரும் பார்த்ததில்லை. இந்தக் கதையை எழுதுகிறவனும் பார்த்ததில்லை. அவள் பெயர் வசந்தை. "ஐயா, ஒன்று கேட்கலாமா? அன்று காலை கஞ்சி வைத்தது யார்?" என்றாள்.'

அக்கா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு எழுத்து எதுவும் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். மேலே வாசிக்கச் சொன்னேன். பிறகு மறுபடி முதலிலிருந்து. மதியம் முழுக்க அந்த நாலு பக்கத்தையே வாசித்துக்கொண்டிருந்தோம். குழாயடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கும் வாசித்தோம். தையல்காரர் வீட்டம்மா, குதிரை தப்பித்துவிட்டதே என்று வருத்தப்பட்டுப் போனார்.

சாயங்காலம் அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு மெதுவாகப் படியேறி வந்தார். முதலில் பிடித்துக்கொண்டது லூர்து அக்கா.

"ஏன் தம்பி, உப்பச் சொல்லிக் கொடுத்தது நானு. என் பேர எங்க காணம்?"

"பாண்டியன் காலத்துல லூர்து ஏதுக்கா?"

"உருளைக்கெழங்கு மட்டும் இருந்துச்சோ?"

அக்கா ஜெயித்த திருப்தியோடு விடுதிக்குக் கிளம்பினார். அன்று இரவு அறுபது பிள்ளைகளும் தாமதமாகத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

அவர் உள்ளே வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மில் முகவரிக்கு வந்திருந்தது. ஆசிரியர் எழுதியிருந்தார். 'கடைசி அத்தியாயம் அருமை. கையெழுத்துத்தான் கொலை. அடுத்த தொடரை எப்போது ஆரம்பிக்கலாம்?'

"எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று என்னைக் கேட்டார். "எங்க நடக்கட்டும்?"

"சமையக்காரன் சாகாத இடமாப் பாத்து நடக்கட்டும்" என்றேன்.

சிரித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "சாப்பாடு..." என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். அடுப்பைப் பார்த்தார். நான் காலையில் அணைத்தது. மதியத்திலிருந்து நான் ஆனைக்கல் மடத்தில் இருந்தேன்.

எழுந்திருக்கப் போனேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அரிசி டப்பாவைக் கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. பாத்திரங்கள் உருண்டன, ஒரு தடவை 'ஐயோ' என்று சத்தம் கேட்டது. எழுந்து போகாமல் இருக்க நான் என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் புகையோடு ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். விரல் நுனியெல்லாம் கரி. எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் வாயையே பார்த்தார்.

ஒரு வாய் குடித்தேன். விடுதி அண்டா பயம் போகவில்லை போலிருக்கிறது, ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை.

"எப்படி இருக்கு?"

"பெரிய ஆளுதான் நீங்க" என்றேன். "இந்தத் தடவ தடயமே வைக்கல."

ஊறுகாய் ஜாடி கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடாமல் கிண்ணம் காலியாகும் வரை குடித்தேன்.